ஒவ்வாமை உடையார்க்கு இரும்பு மருந்து

மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கு நோக்கி நீளும் கரையோரத்தை உணவுக் குறைவுடைய நாடு என்று எவரும் கூறார். கிழக்கே வலைக்கு மீன் தரும் கடல்; மேற்கே 1949 ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் நீர்வளம் பெருகிய வயல்; மனைதோறும் முருங்கை; சந்தைதோறும் இறைச்சி. எனினும் இக்கரையிலுள்ள தாய் சேய் நலச் சிகிச்சை நிலையம் ஒன்றில் ஒரு காலைப்பொழுது இருந்து நோக்குவார்க்கு, கண்ணிமையின் உட்புறம் வெளிறி, படியேறும்போது மூச்சிரைக்கும் பெண்கள் இலரல்லர் என்பது புலனாகும். அவருள்ளும் ஒரு சாராரின் நிலை ஏனையோரினும் இடர் மிக்கது. மீன் உண்டால் உடல் தடிக்கிறது, பால் அருந்தினால் வயிறு பொருமுகிறது, மாட்டிறைச்சி சொறி தருகிறது, கோதுமை ஒத்துக்கொள்வதில்லை. இத்தகையோர் ஒவ்வோர் உணவாக விலக்கி இறுதியில் சோற்றிலும் இரண்டொரு கறியிலும் வந்து நிற்பர். இரும்புச் சத்துக் குறைந்தது என்று வைத்தியர் மாத்திரை கொடுத்தாலோ அதுவும் ஒவ்வாது என மேசை அறைக்குள் போய்விடும். இவர்க்குரிய இரும்பைத் தேடிக் காணும் வகை யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள இரும்பு முழுவதையும் திரட்டினும் மூன்று அல்லது நான்கு கிராமே தேறும். ஓர் ஆணிக்கு அது போதும். அதன் பெரும்பகுதி செங்குருதிக் கலங்களிலுள்ள ஈமோகுளோபினில் அமைந்து, நுரையீரலிலிருந்து ஒட்சிசனைத் தாங்கிச் சென்று உடலெங்கும் சேர்ப்பிக்கிறது. பழைய கலங்கள் அழியும்போது அவற்றின் இரும்பை உடல் மீண்டும் எடுத்தாள்வதால், உணவிலிருந்து நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் உட்கொள்ளப்படினே வரவும் செலவும் ஒத்துப்போகும். மாதவிலக்கிலும் மகப்பேற்றிலும் இக்கணக்குக் குலைகிறது. ஒரு கர்ப்பகாலம் முழுவதற்கும் ஏறத்தாழ ஆயிரம் மில்லிகிராம் இரும்பு மேலதிகமாக வேண்டும். தாயின் சேமிப்பு வெறுமையாயின் பிரசவத்தின்போது நேரும் சிறு குருதிப்போக்கும் பெருங்கேடாக முடியக்கூடும். பிறக்கும் குழவியும் தன் முதல் மாதங்களுக்கு வேண்டிய இரும்பைக் குறைவாகவே பெற்று வரும்.

உணவிலுள்ள இரும்பு இருவகைத்து. மீன், இறைச்சி ஆகியவற்றின் குருதிச் சாயத்தோடு இணைந்த இரும்பு குடலால் எளிதில் ஏற்கப்படும். கீரை, பயறு, தானியம் ஆகியவற்றின் இரும்போ உடனுண்ணும் பொருள்களைப் பொறுத்தே ஏறும் அல்லது இறங்கும். தேசிக்காய்ச் சாறு, கொய்யா, நெல்லி, பப்பாசி ஆகியவற்றின் விற்றமின் சீ அதனை உயர்த்தும். தேயிலையின் துவர்ப்பும் பாலின் கல்சியமும் அதனைத் தடுக்கும். ஆகவே மீனையும் இறைச்சியையும் விலக்கி, சோறு உண்ட கையோடு பிளேன்ரீயும் அருந்துபவர் இரு வாயில்களையும் தாமே அடைத்தவராகிறார்.

விலக்கிய உணவுகள் யாவும் உண்மையில் விலக்கற்பாலனவோ என்பது முதல் வினா. இக்கரையில் ஒவ்வாமை என்னும் சொல் வழங்குமுன்னரே 'கிரந்தி' என்னும் சொல் வழங்கிற்று. நண்டு, இறால், கணவாய், சூரை, கருவாடு, கத்தரி, தக்காளி, அன்னாசி என மூத்தம்மாமார் வகுத்த கிரந்திப் பட்டியல் முஸ்லிம் இல்லங்களிலும் அயலிலுள்ள தமிழ் இல்லங்களிலும் பெரும்பாலும் ஒன்றே. அதனோடு சூடு, குளிர் என்ற பாகுபாடும் சேரும். கீரை குளிர், பப்பாசி சூடு எனப் பிள்ளைத்தாய்ச்சியின் தட்டு மேலும் சுருங்கும். இப்பட்டியலை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுதல் அறிவுடைமையன்று. இறால், நண்டு முதலியன உண்மையான ஒவ்வாமையை விளைப்பதில் உலகெங்கும் முன்னிற்பவை. அவதானித்தே நம் முன்னோர் அவற்றை முதலில் வைத்தனர். ஆயின் ஒருவர்க்கு ஒவ்வாதது எல்லார்க்கும் ஒவ்வாது என்பதும், ஒருமுறை ஒவ்வாதது எக்காலும் ஒவ்வாது என்பதும் பெறப்படா.

சூரை மீன் இதற்கு நல்ல சான்று. சூரை, கும்பளா போன்ற மீன்களின் தசையில் இசுற்றிடீன் என்னும் அமினோ அமிலம் மிகுதி. பிடித்த மீன் பனிக்கட்டியின்றி வெயிலிற் கிடந்தால் நுண்ணுயிர்கள் அதனை இசுற்றமீனாக மாற்றும். ஒவ்வாமை நோயில் உடல் தானே சுரக்கும் பொருளும் இதுவே. அம்மீனை உண்டவர்க்குச் சற்று நேரத்துள் முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடல் தடிக்கும், நெஞ்சு படபடக்கும். சமைப்பதனால் இசுற்றமீன் அழிவதில்லை. ஆதலின் நன்கு வெந்த கறியும் காப்பளிக்காது. காண்பார்க்கு இது மீன் ஒவ்வாமை போலவே தோன்றும். உண்மையில் பழுதுற்ற மீனின் நஞ்சே அது. காசநோய்க்கு ஐசோனியாசிட்டு என்னும் மருந்தை உட்கொள்வோர்க்கு இவ்விடர் இன்னும் எளிதில் நேரும். உடலில் இசுற்றமீனைச் சிதைக்கும் நொதியங்களை அம்மருந்து தடுப்பதே காரணம். இலங்கை நோயாளரிடம் கண்ட இவ்வுண்மையை மருத்துவர் ஊராகொடவும் பேராசிரியர் கொட்டெகொடவும் 1977 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆகவே ஒரு மாலையிற் பழைய சூரை உண்டு தடிப்புற்ற பெண் அன்றுமுதல் மீன் அனைத்தையும் துறத்தல், கரையோரத்தார்க்கு மிக எளிதிற் கிடைக்கும் நல்லிரும்பைக் காரணமின்றித் துறத்தலாகவும் முடியலாம். அதே மீனை அன்று உண்ட பிறர்க்கும் அவ்வாறு நேர்ந்ததா என்று கேட்பதே முதற் சோதனை. புது மீனை உண்டு பார்க்கலாமா என்பதை வைத்தியர் தீர்மானிக்க வேண்டும். மூச்சுத்திணறலோ மயக்கமோ முன்பு வந்திருப்பின் வீட்டிற் பரீட்சித்தல் ஆகவே ஆகாது.

பாலினால் வரும் தொல்லையிலும் இரு வேறு நோய்கள் ஒரு பெயரில் மறைந்து நிற்கின்றன. பாற்சீனியாகிய இலற்றோசைச் சீரணிக்கும் நொதியம் குறைதல் ஒன்று. இது நம்மவரிடையே மிகப் பரவலானது, வயிற்றைப் பொருமச் செய்வது, உயிர்க்கு ஊறு செய்யாதது. பாலின் புரதத்தை உடல் பகையெனக் கருதி எதிர்த்தல் மற்றொன்று. இது அரிது, ஆனால் கொடிது. மாட்டிறைச்சி ஒவ்வாமை மேனாடுகளில் அரிதாகப் பேசப்படினும் இலங்கையில் உண்மையாகவே காணப்படுவது. கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார் அதனை ஆராய்ந்துள்ளனர். கோதுமையைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கோதுமையின் குளுற்றன் என்னும் புரதம் குடலின் உட்சுவரைச் சிதைக்கும் சீலியாக்கு நோயில் இரும்புக் குறைவே சில வேளை முதற் குறியாக வெளிப்படும். அந்நோய் உளதா என்று அறியும் குருதிச் சோதனையைக் கோதுமை உண்ணும் காலத்திலேயே செய்தல் வேண்டும். பாணையும் ரொட்டியையும் நிறுத்திவிட்டுப் பின் சோதிப்பின் முடிவு பொய்த்துவிடும்.

பணம் கொடுத்து நூறு உணவுக்கு ஒரே குருதித்துளியில் ஒவ்வாமை காணும் ஐஜீஜீ சோதனைகள் இன்று விளம்பரமாகின்றன. ஓர் உணவை உண்டு பழகியதையே அவை காட்டும், ஒவ்வாமையை அன்று. ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் அவற்றை ஏற்பதில்லை. அத்தாளைக் கையிற் கொண்டு இருபது உணவை விலக்கியவர்க்குக் குருதிச்சோகையே மிஞ்சும்.

இரும்பு உண்மையிற் குறைந்ததா என்பது அடுத்த வினா. கர்ப்பமுறாத பெண்ணின் ஈமோகுளோபின் 100 மில்லிலீற்றருக்கு 12 கிராமிற் குறையின் குருதிச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவை. கர்ப்பிணிக்கு அது 11 ஆகவும், நடு மாதங்களில் 10.5 ஆகவும் கொள்ளப்படும். ஆயின் சோகை எல்லாம் இரும்புக் குறைவன்று. சேமிப்பிலுள்ள இரும்பைக் காட்டும் பெரிட்டின் அளவு லீற்றருக்கு 15 மைக்கிரோகிராமிற் குறைவாயின் ஐயமில்லை. தலசீமியாவைப் பிறப்பிலே தாங்கியவர்க்கும் குருதிக் கலங்கள் சிறுத்து வெளிறியே தோன்றும். அவரது சேமிப்பிலோ இரும்பு போதிய அளவு இருக்கலாம். அத்தகையார் வெளிறிய முகத்தை மட்டும் நம்பி ஆண்டுக்கணக்கில் இரும்பு விழுங்குதல் தீது.

இனி மருந்திற்கு வருவோம். இரும்பை மருந்தாக்கும் கலை நமக்குப் புதிதன்று. சித்த வைத்தியர் பாண்டு நோய்க்குக் கையாளும் அன்னபேதி என்னும் பச்சை உப்பே இன்றைய இரசாயனவியலார் பெரசுச் சல்பேற்று என வழங்குவது. அதனைத் தேசிக்காய்ச் சாற்றில் அரைத்துப் புடமிடும்போது பச்சை நீங்கிச் செந்நிறமாதல், அது இரும்பு ஒட்சைட்டாக மாறியமையைக் காட்டும். பிரான்சு நாட்டு மருத்துவர் புளோ 1832 ஆம் ஆண்டில் அதே உப்பைப் பொற்றாசியங் காபனேற்றுடன் சேர்த்து உருட்டிய குளிகைகள் ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்றன. இன்று மருந்தகங்களில் விற்கும் மாத்திரைகளிலும் பெரும்பாலும் அதுவே, அன்றேல் அதன் உறவுப் பொருள்களே உள. 200 மில்லிகிராம் உலர் பெரசுச் சல்பேற்றில் ஏறத்தாழ 65 மில்லிகிராம் இரும்பு உண்டு. அதே எடையுள்ள பெரசுப் பியூமரேற்றிலும் அவ்வளவே. 300 மில்லிகிராம் பெரசுக் குளுக்கோனேற்றில் 35 மில்லிகிராமே. கர்ப்பிணிகட்கு உலக சுகாதார நிறுவனம் நாள்தோறும் விதிப்பது 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பும் 400 மைக்கிரோகிராம் போலிக் அமிலமுமாகும். பெட்டியின் முகப்பிலுள்ள பெரிய எண் உப்பின் எடையா, இரும்பின் எடையா என்பதை வாங்குவோர் நோக்கவேண்டும்.

இவ்வுப்புகள் புரதமல்ல, ஆதலால் இறாலும் பாலும் ஒவ்வாமை விளைப்பதுபோல் வாய்வழி உண்ணும் இரும்பு விளைத்தல் மிக மிக அரிது. மாத்திரை 'ஒவ்வவில்லை' என்று கூறுவோருட் பலர்க்கு நேர்வது குமட்டல், வயிற்றெரிவு, மலச்சிக்கல், மலம் கருத்தல் ஆகியனவே. இவை அளவினால் வருவன. அளவு குறைய இவையும் குறையும். மலம் கருத்தலோ நோயே அன்று. குடல் ஏற்காது விட்ட இரும்பின் நிறம் அது. தோலில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிழுப்பு ஆகியன தோன்றினால் மட்டுமே வேறு காரணம் தேடவேண்டும். அக்காரணம் பெரும்பாலும் இரும்பிலன்று, இரும்பைச் சுமந்துவரும் பொருளில் இருக்கும்.

மாத்திரை ஒன்றில் மருந்தோடு நிரப்புபொருள், பிணைபொருள், மேற்பூச்சு, சாயம் என்பன கலந்துள்ளன. இலற்றோசு, சோள மாப்பொருள், சில வேளை கோதுமை மாப்பொருள் என்பன நிரப்புவதற்கு, மென்குளிகையுள் சோயா எண்ணெயோ அதன் இலெசிதினோ, மேற்பூச்சில் மஞ்சள், செஞ்சாயங்கள், உறையில் ஜெலற்றின். ஒவ்வாமை உடையார் தம் ஒவ்வாமைக்கேற்ப இவற்றுள் எதனைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பதில் ஒரு கணக்கு உண்டு. இலற்றோசு சீரணியாதவர்க்கும் ஒரு வேளையில் 12 கிராம் வரை, அதாவது ஒரு குவளைப் பால் அளவு, பெரும்பாலும் தாங்கும். மாத்திரையில் இருப்பதோ கிராமில் ஒரு சிறு பின்னம். அவர் அதற்கு அஞ்சி மருந்தைக் கைவிடுதல் வேண்டாததே. பாற்புரதத்துக்குக் கடும் ஒவ்வாமை உடையவரும் சீலியாக்கு நோயினரும் அவ்வாறு எண்ணலாகாது. சிறு அளவும் அவர்க்குப் பொருட்டே. சோயா, சாயம் ஆகியவற்றுக்கும் இதுவே முறை.

ஜெலற்றின் இக்கரையோரத்தில் இரட்டைப் பொருள் உடையது. மாடு அல்லது பன்றியின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது அது. மாட்டிறைச்சி ஒவ்வாமை உடையவர்க்கு முன்னது உடலுக்குத் தீங்காகலாம். முஸ்லிம்கட்குப் பின்னது சமயத்தால் விலக்கு. இந்துக்களிற் பலர்க்கு முன்னதும் ஏற்கத்தகாதது. ஒரே குளிகையைக் காரைதீவார் ஒரு காரணத்துக்காகவும் அடுத்துள்ள நிந்தவூரார் மற்றொரு காரணத்துக்காகவும் திருப்பிக் கொடுத்தல் இயல்பே. குவைத்தில் 1995 இல் கூடிய இஸ்லாமிய மருத்துவ அறிஞர் மாநாடு, முற்றாக வேறு பொருளாய் மாறிய ஜெலற்றின் ஆகுமானது என்று கூறிற்று. மார்க்க அறிஞர் யாவரும் அதனோடு உடன்படுவதில்லை. இரும்பைப் பொறுத்தவரை இவ்விவாதத்துள் இறங்கவேண்டிய தேவையே இல்லை என்பது நற்பேறு. வெறும் அழுத்திய மாத்திரையில் உறை இல்லை. தாவரச் செலுலோசால் ஆகிய உறைகளும் உள. பாகு வடிவில் வாங்குவோர் வேறு இரண்டை நோக்கவேண்டும். சில பாகுகளில் மதுசாரம் சேர்வதுண்டு. விலங்கின் குருதியிலிருந்து எடுத்த ஈமோகுளோபின் சேர்ந்த பாகுகள் இந்தியச் சந்தையில் முன்னர் விற்பனையாயின. இனிப்புக்குச் சோபிற்றோல் சேர்ந்த பாகு, மென்மையான குடலுடையாரின் வயிற்றைக் கலக்கும். இவை இல்லாத துளி மருந்து கிடைப்பின், அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம் என்பதால், பல ஒவ்வாமை உடையார்க்கு அதுவே மிக வசதியானது. பல்லில் கறை படியாதிருக்க உறிஞ்சுகுழாயால் அருந்தி வாய் கொப்பளித்தல் நன்று.

இவற்றை அறிவதற்குப் பெட்டியினுள் உள்ள துண்டுப்பிரசுரம் வேண்டும். நமது மருந்தகங்களிலோ மாத்திரையை எண்ணிக் கத்தரித்துச் சிறு கடதாசி உறையில் இட்டுத் தருவதே வழக்கம். பெயரும் வேளையும் எழுதப்பட்டிருக்கும், சேர்மானம் இராது. பெட்டியைக் காட்டுமாறு மருந்தாளரைக் கேட்பதற்கு நாணவேண்டியதில்லை. பொருத்தமானது கிடைத்தால் அதன் பெயரோடு உற்பத்தியாளர் பெயரையும் குறித்து வைத்தல் வேண்டும். அதே உப்பை வேறொருவர் செய்யின் சேர்மானம் மாறிவிடும்.

அரசாங்கச் சிகிச்சை நிலையங்களில் கர்ப்பிணிகட்கு இரும்பு, போலிக் அமிலம், விற்றமின் சீ, கல்சியம் ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன. இரும்பையும் விற்றமின் சீயையும் ஒருங்கே உட்கொண்டு, கல்சியத்தை வேறு வேளைக்கு ஒதுக்குதல் முறை. மூன்றையும் ஒருசேர விழுங்கி வேலையை முடிப்பவர் பயனிற் பாதியை இழக்கிறார். 1973 இல் தொடங்கிய திரிபோஷாவும் அங்கே கிடைப்பது; சோளம், சோயா, பால்மா ஆகியவற்றாலானது என்பதால் பல ஒவ்வாமை உடையவர் குடும்பநல உத்தியோகத்தரிடம் அதனை முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும். பேசாது பெற்றுச் சென்று பிறர்க்குக் கொடுத்துவிடின், அவர் சத்துணவு பெறுபவராகவே பதிவேட்டில் எண்ணப்படுவார்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை உண்பது என்பதில் அண்மைக்கால ஆராய்ச்சி ஆறுதல் தருகிறது. ஈரலில் சுரக்கும் எப்சிடீன் என்னும் பொருள் குடலின் இரும்பு வாயிலைக் காக்கும் காவலன். ஒரு மாத்திரை உண்டதும் அது உயர்ந்து, மறுநாள் வரும் இரும்பைத் தடுக்கும். சூரிச்சு நகரில் இரும்புக் குறைவுடைய பெண்களிடம் நடத்தி 2017 இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் உண்டோர் இரும்பில் ஏறத்தாழ 16 வீதத்தையும், ஒன்றுவிட்டொரு நாள் உண்டோர் 22 வீதத்தையும் ஏற்றமை கண்டனர். வயிறு பொறாத பெண்களுக்கு வைத்தியர் இம்முறையை விதித்தல் பொருந்தும். கர்ப்பிணிகள் தாமாக நாளைக் குறைத்துக்கொள்ளலாகாது. நோன்பு மாதத்திலும் இரும்பை விடவேண்டியதில்லை. நோன்பு திறந்து கஞ்சியும் தேநீரும் முடித்து இரண்டு மணி நேரம் சென்றபின், தராவீஹ் தொழுகையை அடுத்து, தேசிக்காய்த் தண்ணீரோடு மாத்திரையை உட்கொள்ளலாம். பேரீச்சம்பழத்தை இரும்புக் களஞ்சியம் என்று பலரும் கருதுவர். அதன் சிறப்பு வேறு. இரும்போ 100 கிராமில் ஒரு மில்லிகிராம் அளவே. உலர்ந்த பயற்றில் அதனினும் ஆறு மடங்கு உண்டு. கௌபியில் இன்னும் மிகுதி. முருங்கையிலையில் ஏறத்தாழ நான்கு மில்லிகிராம். பயற்றை ஊறவைத்து முளைகட்டினால் இரும்பைப் பிடித்துவைக்கும் பைற்றேற்று ஓரளவு குறையும்.

மருந்தும் இல்லை, மீனும் இல்லை என்று நிற்பவர்க்கு இரும்புத் தாச்சி ஒரு துணை. புளி அல்லது தேசிக்காய் சேர்ந்த கறி அதில் கொதிக்கும்போது இரும்பு சிறிது கரைந்து இறங்கும். எந்த ஒவ்வாமையும் இல்லாத இரும்பு அது. கம்போடியாவில் குழம்பிலிட்டுக் கொதிக்கவைக்கும் இரும்பு மீனுருவம் ஒன்று புகழ்பெற்றது. பின்னர், 2017 இல் வெளியான ஆய்வொன்றில் அதனால் ஈமோகுளோபின் உயரவில்லை எனத் தெரிந்தது. அங்குள்ள பெண்களிற் பலரின் சோகைக்குப் பிறவியிலமைந்த ஈமோகுளோபின் வேறுபாடுகளே காரணம். இரும்புக் குறைவு அன்று. ஆகவே தாச்சி குறைவைத் தடுக்க உதவலாம். முற்றிய சோகையைத் தீர்க்கும் என்று அதனை நம்பியிருத்தல் தகாது.

வாங்கும் இரும்பு எவ்வகையினதாயினும் அதனைச் சிறுவர் கைக்கு எட்டாது வைத்தல் வேண்டும். சிவப்புப் பூச்சிட்ட மாத்திரை இனிப்புப் போலவே தோன்றும். உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 60 மில்லிகிராம் இரும்புக்கு மேல் உட்சென்றால் உயிராபத்து நேரக்கூடும். 12 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்கு அது ஏறத்தாழப் பதினொரு மாத்திரை. ஒரு அட்டையில் பத்து இருக்கும்.

வாய்வழி எதுவும் பொறாதவர்க்கும், பிரசவம் நெருங்கிய நிலையில் சோகை முற்றியவர்க்கும் நாளத்தினூடாக இரும்பு ஏற்றும் முறை உண்டு. குடல், உறை, நிரப்புபொருள், உணவு என்ற வினாக்கள் யாவும் அதில் ஒழிகின்றன. ஆனால் வாய்வழி இரும்பிற் காணாத ஒவ்வாமை நாளவழி இரும்பில் அரிதாகத் தோன்றக்கூடும். ஆகவே அதனை வைத்தியசாலையிலேயே, ஏற்றும்போதும் முடிந்தபின் அரைமணி நேரமும் கண்காணிப்பிலிருந்து பெறுதல் வேண்டும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அது தவிர்க்கப்படும். கரையோரப் பெண்கள் இதற்குத் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. கல்முனையிலுள்ள ஆதார வைத்தியசாலையும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் மகப்பேற்று விடுதிகள் உடையவை. அங்கே செல்லும்போது தமக்கு ஒவ்வாத உணவுகளையும் மருந்துகளையும், ஒவ்வொன்றாலும் நேர்ந்தது இன்னதென்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுசென்றால், 'எல்லாம் ஒவ்வாது' என்னும் ஒரு சொல்லைக் கேட்டு வைத்தியர் திகைக்கவேண்டியிராது.